தரையை ஒட்டி ஓடும் கார்

ஒரு கார் பழுதாகி நின்றதால்தான் ஸ்போர்ட்ஸ் கார் மேல் எனக்கு ஆசை வந்தது. ஓசூரில் கியர் செய்யும் ஒரு தொழிற்சாலையில் அப்போதுதான் பயிற்சிக்குச் சேர்ந்திருந்தேன். ஷிப்ட் முடிந்து வெளியே வந்தபோது, கேட்டுக்கு எதிரே சிவப்பாக ஒரு கார் ஆவி விட்டுக்கொண்டு நின்றது. பக்கத்தில் பெங்களூர்க்காரர் ஒருவர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். கேன்டீனிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். எஞ்சின் ஆறும்வரை உள்ளே உட்கார்ந்து பாரேன் என்றார்.

உட்கார்ந்தேன். பக்கத்தில் வந்து நின்ற லாரியின் சக்கர நட்டுகள் என் கண்ணுக்கு நேராகத் தெரிந்தன. பஸ்ஸிலும் சைக்கிளிலும் மேலேயிருந்தே பார்த்துப் பழகிய சாலை, கைநீட்டினால் தொடலாம் போலக் கிடந்தது. அதற்காகத்தான் இத்தனை வருடம் உழைத்தேன் என்று சொன்னால் வீட்டில் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனாலும் பாதிக்கு மேல் அது உண்மை.

இதுவரை மூன்று ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருந்திருக்கிறேன். முதலாவது, கோழிப்பண்ணை ஒன்றின் கொட்டகையில் கிடந்த ஓடாத வண்டி. அதை ஓட வைப்பதற்குள் எனக்குக் கல்யாணமாகி, மகனும் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டான். இரண்டாவது ஓடியது, ஆனால் மழை பெய்தால் உள்ளேயும் பெய்தது. மூன்றாவதுதான் இப்போது இருக்கும் நீல நிற வண்டி. மூன்றுமே இரண்டு இருக்கை வண்டிகள். எங்கள் தெருவில் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்.

"ரெண்டு பேருதான் போக முடியும்னா, என்னாத்துக்கு சார் இவ்ளோ பெரிய எஞ்சினு?"

சிரித்து வைப்பேன்.

அந்த இரண்டாவது இருக்கை என் மனைவியுடையது. பள்ளி ஆசிரியை, கிருஷ்ணகிரியில் பிறந்து வளர்ந்தவள். கார்களைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் இருவரும் ராயக்கோட்டைப் பக்கம் போவோம். சந்தையில் தக்காளி வாங்கினால் வைக்க இடம் இருக்காது. அவள் மடியில்தான் வைத்துக்கொள்வாள். கோட்டை மலை கண்ணில் படும் இடத்தில் நான் கொஞ்சம் வேகமெடுப்பேன். "பழம் நசுங்குது," என்பாள். அவ்வளவுதான் கண்டனம்.

போன வருடம் அவளுக்கு முட்டியில் அறுவை சிகிச்சை செய்தார்கள். நடக்கலாம், கம்பியைப் பிடித்துக்கொண்டு படி ஏறலாம், ஆனால் தாழ்வான இடத்தில் உட்கார்ந்து எழக்கூடாது என்றார் டாக்டர். அவர் சொல்லி முடிக்கும்போதே அவள் என்னைப் பார்த்தாள். நான் சுவரில் மாட்டியிருந்த எலும்புப் படத்தைப் பார்த்தேன்.

அதன் பிறகு ஒரு ஞாயிறு நான் மட்டும் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். சாலை நன்றாகத்தான் இருந்தது. பூக்கூடைகளை ஏற்றிக்கொண்டு போன ஒரு மினி வேனில் மூட்டைகளுக்கு நடுவே ஒருவர் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். "அங்க பாரு," என்று பக்கத்து இருக்கையிடம் சொன்னேன். சூளகிரியிலேயே வண்டியைத் திருப்பிவிட்டேன்.

விற்றுவிடலாம் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். அவளிடம் சொல்லவில்லை. பெங்களூரிலிருந்து பார்க்க வந்த இளைஞர் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். "சூப்பரா மெயின்டெயின் பண்ணிருக்கீங்க சார்," என்று சந்தோஷப்பட்டார். சத்தம் கேட்டு அவள் மெதுவாக வாசலுக்கு வந்தாள்.

"எதுக்கு வந்திருக்காங்க?" என்று கேட்டாள்.

நான் பதில் சொல்வதற்குள் அவர் சொல்லிவிட்டார். அவள் அவருக்குக் காபி கொடுத்தாள். பிறகு, வகுப்பில் பாடம் நடத்தும் குரலில், காரின் குறைகளை எடுத்துச் சொல்ல ஆரம்பித்தாள். ஸ்பீட் பிரேக்கர் எல்லாவற்றிலும் அடி தட்டும். வெயில் ஏறினால் ஏசி சோர்ந்துவிடும். இடது கதவை ஒரு தடவை தூக்கித்தான் சாத்த வேண்டும். ஒன்றுகூடப் பொய் இல்லை. இத்தனையையும் அவள் கவனித்திருக்கிறாள் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. இளைஞர் வீட்டில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று கிளம்பிப் போனார்.

"ஏன் அப்படிப் பண்ண? உனக்காகத்தான விக்கலாம்னு பாத்தேன்," என்றேன்.

"அதனாலதான்," என்றாள். "எனக்காக வித்தீங்கன்னா, சாவுற வரைக்கும் என் முட்டியப் பாத்துப் பாத்துப் பெருமூச்சு விடுவீங்க. அத என்னால பாத்துட்டு உக்கார முடியாது. உங்களுக்கே அலுத்துப்போச்சுன்னா வித்துடுங்க, நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

அலுக்கவில்லை. காபித் தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

சில வாரங்கள் கழித்துக் கிருஷ்ணகிரியில் அவள் தங்கையைப் பார்க்கப் போக வேண்டியிருந்தது. வீட்டு உபயோகத்துக்கு வைத்திருக்கும் சின்னக் கார் சர்வீசில் இருந்தது. டாக்ஸி கூப்பிடுகிறேன் என்றேன்.

"டாக்ஸி எதுக்கு? நான் பஸ்ஸுல போறேன். பஸ் சீட்டு உசரமா நல்லாத்தான் இருக்கு. உங்க வண்டி ஓடாமக் கெடக்குது, நீங்க அத எடுத்துட்டு வாங்க."

ஓசூர் பஸ் நிலையத்தில் அவளை ஏற்றிவிட்டேன். இடப்பக்கம் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பஸ் கிளம்பியதும் பின்னாலேயே நானும் கிளம்பினேன். தாண்டிப் போய்த் தங்கை வீட்டில் காத்திருப்பதாகத்தான் திட்டம். வலப்பக்கம் சாலை காலியாகவே இருந்தது, ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தால் போதும். ஏனோ மிதிக்கவில்லை. பஸ் நின்ற இடத்திலெல்லாம் நானும் ஓரம் கட்டினேன். ஜன்னல் கம்பியில் அவள் முழங்கை தெரிந்தது. இந்தச் சாலையில் இத்தனை மெதுவாக நான் போனதே இல்லை. குருபரப்பள்ளியில் பஸ் ஆள் இறக்கியபோது, கடையோரம் நின்ற இரண்டு பேர் என் காரையும் முன்னால் நின்ற பஸ்ஸையும் மாறி மாறிப் பார்த்தார்கள். ஒருவர் பரிதாபமாக, "வண்டி ஏதாச்சும் ப்ராப்ளமா சார்?" என்றார். இல்லை என்று தலையாட்டினேன். ஒரு புளி லாரி ஹாரன் அடித்துக்கொண்டு எங்கள் இருவரையும் தாண்டிப் போனது. வேகத்துக்காகத்தான் இந்தக் கார்களை வாங்கினேன் என்று நானே நம்பியிருந்தேன். அன்று அந்த நம்பிக்கை கொஞ்சம் ஆட்டம் கண்டது.

கிருஷ்ணகிரியில் அவள் கம்பியைப் பிடித்து இறங்கும்போது நான் காரை நிறுத்திவிட்டு ஓடிப்போய் நின்றேன். அவள் முகம் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தது.

"கண்டக்டர் பயந்துட்டாரு," என்றாள். "'யம்மா, சூளகிரிலருந்து அந்தக் காரு நம்ம பின்னாலயே வருது, ஓவர்டேக்கும் பண்ண மாட்டேங்குது, யாருன்னு தெரியல'ன்னாரு."

"நீ என்ன சொன்ன?"

"எங்க வீட்டுக்காரரு, வழி தெரியாதுன்னு சொல்லிட்டேன்."

சின்னக் கார் சர்வீசிலிருந்து திரும்பி வந்து வெகுநாளாகிறது. ஆனாலும் தங்கை வீட்டுக்குப் போவதென்றால் அவள் பஸ்ஸில்தான் போகிறாள். நான் பின்னால் போகிறேன். நல்ல சாலையில் எப்போதாவது ஆசை தாங்காமல் ஒரு தடவை பஸ்ஸைத் தாண்டிவிட்டு, அடுத்த நிறுத்தத்தில் ஓரம் கட்டி அது வரும்வரை நிற்பேன். தாண்டும்போது ஹாரன் அடிக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறாள். பஸ்ஸில் தூங்குகிறவர்கள் இருப்பார்களாம்.