கைராசிக்கார யூசுப்

1925-இல் ரப்பர் விலை ஏறியது. தோட்டத்து ஆட்கள் கையில் காசு புரண்டது. பினாங்கு கடைத்தெருவில் கைலி விற்ற எல்லாரும் திடீரென்று கெட்டிக்காரர்கள் ஆனார்கள். கமாலுதீன் முதலாளி மட்டும் அந்தப் பெருமையைத் தான் எடுத்துக்கொள்ளவில்லை. யூசுப்புக்குக் கொடுத்தார்.

யூசுப் சூலியா தெரு அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோர்ப்பவன். வயது இருபத்தாறு, சொத்து இரண்டு சட்டை. ஒருநாள் காலை வேலைக்குப் போகும் வழியில், கமாலுதீன் துணிக்கடையின் மாடி ஜன்னலில் அவர் மகள் ருக்கையாவைப் பார்த்து நின்றுவிட்டான். கீழே முதலாளி முறைத்தார். சும்மா நிற்கவில்லை என்று காட்ட ஒரு கைக்குட்டை வாங்கினான். அன்றைய முதல் போணி அதுதான். மதியம் புக்கிட் மெர்தாஜாமிலிருந்து ஒரு கங்காணி வந்து முப்பது கைலியை அள்ளிக்கொண்டு போனார். மறுநாளும் கைக்குட்டை, மறுநாளும் கூட்டம். மூன்றாம் நாள் முதலாளி யூசுப்புக்காகக் காத்திருந்தார். முந்தி வந்த மலாய்க்காரப் பெண்மணியை “துங்கு, துங்கு” என்று மலாயில் காத்திருக்கச் சொல்லி வாசலிலேயே நிறுத்திவைத்தார்.

அவர் யோசிக்கும் விதமே தனி. வியாபாரம் ஓடினால் அது யூசுப்பின் கை. படுத்தால் மழை, இல்லாவிட்டால் குறுக்கே போன பூனை, அதுவும் இல்லாவிட்டால் எதிர்க்கடை அர்ஜுனனின் கொள்ளிக்கண். இப்படிப் பார்த்தால் என் கைக்கும்தான் ராசி உண்டு. எனக்குத்தான் பெண் கொடுக்க ஆளில்லை.

நாற்பது கைக்குட்டை சேர்ந்ததும் யூசுப்பே நம்ப ஆரம்பித்துவிட்டான். ராசியான வலக்கை தேய்ந்துவிடக் கூடாதென்று அச்சுக்கூடத்தில் ஈய எழுத்தை இடக்கையால் பொறுக்கினான். வேலை நொண்டியடித்தது.

அர்ஜுனன் சும்மா இருப்பாரா? “தம்பி, நாளைக்கு நம்ம கடையில முதல் போணி பண்ணு லா. பசியாற நான் வாங்கித் தர்றேன்” என்று வலை வீசினார்.

அது கமாலுதீன் காதில் விழுந்தது. கையை வெளியே விட்டுவைத்தால் எவனாவது கொத்திக்கொண்டு போய்விடுவான். வீட்டுக்குள் கட்டிப்போட ஒரே வழிதான் இருந்தது. ருக்கையாவிடம் கேட்டார். அவள் தலையாட்டிய வேகத்தை மனுஷன் கவனிக்கவில்லை. பத்தாம் நாள் நிக்காஹ் நடந்தது.

மறுநாள் காலை கடை திறந்தது. யூசுப் மாடியிலிருந்து இறங்கி, வாசலுக்குப் போய், வாடிக்கையாளனாகத் திரும்பி நின்று காசை நீட்டினான். கமாலுதீனும் கை நீட்டினார். பாதியில் அவர் கை நின்றுவிட்டது.

மருமகனிடம் காசு வாங்கினால் தெரு காறித் துப்பும். வாங்காமல் கொடுத்தால் அது போணியே இல்லை. பெண்ணைக் கொடுக்கும்வரை இது அவர் புத்திக்கு எட்டவில்லை.

“மாப்பிள்ள, நீங்க உள்ள போங்க” என்றார் ஈனக்குரலில்.

“மாப்பிள்ளே, இங்க வாங்க லா! நான் காசு வாங்கிக்கிறேன்!” என்று எதிரிலிருந்து அர்ஜுனன் கத்தினார். கடைத்தெருவே சிரித்தது.

யூசுப் சிரிக்கவில்லை. மாடிக்குப் போய்க் கட்டிலில் உட்கார்ந்தான். கைக்காகத்தான் பெண் கொடுத்தார்கள். அந்தக் கை இனி உதவாது என்றால் இந்த வீட்டில் அவன் யார்? ருக்கையாவை ஏறிட்டுப் பார்க்கவே அவமானமாக இருந்தது.

“மாமாவுக்கு இனிமே என்னால ஒரு பிரயோஜனமும் இல்ல, ருக்கையா. ராசி போச்சு.”

“எப்ப இருந்துச்சு, போறதுக்கு?” என்றாள் அவள். “நீங்க வந்த நாப்பது நாள்ல பதினேழு நாள் கடையில ஈ ஓட்டினாங்க. ஜன்னல்லேருந்து பார்த்துக்கிட்டுத்தானே இருந்தேன். நீங்க காய்ச்சல்ல வராத ரெண்டு நாளும் கூட்டம் தாங்கல. வாப்பாவுக்கு அதெல்லாம் மறந்துபோச்சு.”

யூசுப் வாயைப் பிளந்தான். “நீ ஞாபகப்படுத்தலையா?”

“நல்லா இருக்கே கதை! ஞாபகப்படுத்தியிருந்தா என்னை உங்களுக்குக் கொடுத்திருப்பாரா, மச்சான்?”