சேலைத் தலைப்பு மூடிய திரை

கணினித் திரையில் மிகையாக எதுவும் இருக்கக் கூடாது என்று எந்த மேடையிலும் நின்று வாதிடுவேன். போர்க்காலத்தில், கொழும்பு வெள்ளவத்தையில், தொலைபேசியும் இணையமும் வாடகைக்குக் கிடைக்கும் ஒரு கொமியூனிகேஷன் கடைக்கு மின்னஞ்சல் எழுதும் மென்பொருளைச் செய்தபோதும் அப்படித்தான் வாதிட்டேன். வெள்ளைத் திரை, எழுத ஓர் இடம், அவ்வளவுதான். பொத்தான்களே இல்லை. எழுதியதை அனுப்ப விசைப்பலகையில் இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்த வேண்டும்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, லொட்ஜில் தங்கி விசாவுக்குக் காத்திருந்த பெண் ஒருவர் கனடாவிலிருந்த தம் கணவருக்கு நெடுநேரம் எழுதினார். பிறகு, கடையில் உதவிக்கு நின்ற என்னை அழைத்தார். நான் அருகில் சென்றதும் சேலைத் தலைப்பால் திரையை மூடினார்.

"தம்பி, பாக்காமல் அனுப்பித் தாங்கோ."

"ரெண்டு கீயையும் சேர்த்து அமத்தினால் சரி அக்கா. போன கிழமையும் சொன்னனான்."

"சொன்னனீங்கள்தான், மறந்து போச்சு. தபால்பெட்டியை ஒளிச்சு வைச்சிட்டு, றோட்டு வடிவாக் கிடக்கெண்டால் சரியே?"

நான் பெருமைப்பட்ட அந்த வெறுமை, ஒரு மனைவியின் கடிதத்துக்கு நடுவே என்னைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தது.

கேட்டுக்கொண்டிருந்த கடைக்கார அண்ணர், "அப்ப மற்றக் கடையள் மாதிரி எல்லாப் பட்டனையும் போடும்" என்றார். மறுத்துவிட்டேன். "அனுப்பு" என்ற ஒரே பொத்தானைப் பெரிதாக வைத்தேன்.

அடுத்த கிழமை அந்தப் பெண் எழுதி முடித்து, தாமே அதை அழுத்திவிட்டு எழுந்தார். சேலைத் தலைப்பு தோளிலேயே இருந்தது.

என் வாதத்தை நான் இன்றும் விட்டுக்கொடுக்கவில்லை. மிகையானதை நீக்கத்தான் வேண்டும். அன்று அந்தத் திரையின் முன்னிருந்து நீக்கப்பட்டவன் நான்.