கயிற்றில் ஏழாவது ஆள்

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். இத்தாலியில் உதினே நகரச் சந்தையில் கம்பளி விற்ற குடும்பம் எங்களுடையது. பொய் சொல்வதென்றால் எனக்கு இதைவிட நன்றாகவே வரும். இது நடந்தது. நடந்தபடியே சொல்கிறேன்.

நாங்கள் ஏழு பேரும் ஒரே மலைப் பீரங்கி ரெஜிமெண்டில் இருந்தவர்கள். டிசம்பர் நாலு, புனித பார்பரா நாள். பீரங்கிக்காரர்களின் திருநாள். மலைமேல் இருக்கும் சின்னக் கோயிலில் பூசை முடிந்ததும், அந்தக் காலத்தில் பீரங்கி இழுத்த கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு ஒருவர் பின் ஒருவராக இறங்குவோம். எப்போதும் ஏழு பேர்தான். கயிறு அவ்வளவுதான் வரும். பனிமூட்டத்தில் ஆள் தவறாமலிருக்க, வரிசையாக எண் சொல்ல வேண்டும். இது ரெஜிமெண்டின் பழைய வழக்கம்.

அந்த வருடம் நான்தான் கடைசி. எனக்குப் பின்னால் இரண்டு முழக் கயிறு தொங்கியது. அதன் முனை நைந்திருக்கவில்லை. கத்தியால் வெட்டியதுபோல நேராக இருந்தது.

மணி 3.10. மூட்டம் இறங்கியது. முதல் ஆளாகப் போன சார்ஜெண்ட் நெரேயோவின் குரல் மட்டும் வந்தது.

“எண் சொல்லுங்கடா! ஒண்ணு!”

குரல்கள் ஒவ்வொன்றாக நெருங்கின. எனக்கு முன்னால் துய்லியோ. “ஆறு!”

“ஏழு!” என்றேன்.

“எட்டு.”

என் முதுகுக்குப் பின்னாலிருந்து.

துய்லியோ சிரித்தான். “டேய் எர்மெஸ், ஒயின் தலைக்கேறிடுச்சா? ரெண்டு ஆளுக்கும் நீயே கத்துற?”

“நான் கத்தலடா.”

3.25. மறுபடி எண்ணினோம். நான் ஏழு என்றேன்.

எட்டு... ஒன்பது... பத்து...

எல்லாம் இளவயதுக் குரல்கள். கனத்த போர்வைக்கு அடியிலிருந்து பேசுவதுபோல அமுங்கியிருந்தன. இருபத்து மூன்றில் நின்றன.

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

“திரும்பிப் பாக்காத,” என்றான் துய்லியோ.

3.31. கயிறு இறுகியது. பின்பக்கமாக.

சர்ர்ர்... என் பூட்ஸ் வழுக்கியது. ஓரடி. இன்னோரடி. பின்னால், பாதை வளையும் இடத்தில் கிடுகிடு பள்ளம். நான் போனால் ஏழு பேரும் போவோம்.

“வெட்டுடா! பின்னால வெட்டி விடுடா!” நெரேயோ அலறினார்.

பையில் சலாமி இறைச்சி நறுக்கும் மடக்குக் கத்தி. திறந்தேன். கிளிக். கையைப் பின்னால் கொண்டுபோய்க் கயிற்றில் வைத்தேன்.

காதோரம் ஒரு குரல். கோபமில்லை...

“மறுபடியுமா?”

கை நின்றது.

“இல்ல... வெட்டல.”

கத்தியை விட்டேன்.

கயிறு தளர்ந்தது.

3.34.

கீழே மதுக்கடைக்கு வந்துதான் கயிற்றை அவிழ்த்தோம். துய்லியோதான் வாயைத் திறந்தான். “வெளிய சொல்லாதீங்கடா. குடிச்சிருந்தாங்கன்னு சொல்லுவாங்க.”

“குடிச்சுத்தானடா இருந்தோம்,” என்றேன். அதற்கும் யாரும் சிரிக்கவில்லை.

அடுத்த வசந்தத்தில் எங்கள் படைமுகாமை மூடினார்கள். ரெஜிமெண்டின் பழைய நாட்குறிப்பு என் கைக்கு வந்தது. 1916 டிசம்பர். இருபத்து மூன்று பேர் ஒரே கயிற்றில் இறங்கியிருக்கிறார்கள். பனிச்சரிவு. ஏழாவது ஆள் தனக்குப் பின்னால் கயிற்றை வெட்டிவிட்டான். அவனும் முன்னால் இருந்த ஆறு பேரும் பிழைத்தார்கள். அவர்கள் கொண்டுவந்த துண்டைத்தான் நாங்கள் வருடா வருடம் இடுப்பில் கட்டியிருக்கிறோம்.

அதற்குக் கீழே, வேறு கையெழுத்தில்:

“பனிக்கு அடியிலிருந்து இரண்டு நாள் எண்ணும் சத்தம் கேட்டது. ஒவ்வொரு முறையும், ஏழு பேர் எண் சொல்லும் நேரம் காத்திருந்துவிட்டு, எட்டிலிருந்து தொடங்கினார்கள்.”