கிளாரினெட்டும் டக் டக் பெட்டியும்

1928 வாக்கில் ராயபுரத்தில் கல்யாண பேண்டில் கிளாரினெட் வாசித்த வேம்புவுக்கு வேகம் என்றால் உயிர். பாட்டு சூடுபிடித்தால் போதும், டிரம்காரனை நடுத்தெருவில் விட்டுவிட்டுத் தான் மட்டும் ஓடிவிடுவான். பேண்டு மாஸ்டர் பரசுராமன் மூர் மார்க்கெட்டில் பிடித்த ஒரு மெட்ரோனோமை அவன் கையில் திணித்தார். சாவி கொடுத்தால் கம்பி இடமும் வலமும் ஆடி, 'டக் டக்' என்று தாளம் சொல்லும் மரப்பெட்டி அது.

"இத்தோட சேர்ந்து வாசிச்சிப் பயகு நைனா, அப்பால பேசிக்கலாம்."

வீட்டில் அதையும் வேம்பு முந்தினான். பார்த்துக்கொண்டிருந்த மனைவி மலர்க்கொடி, கம்பியிலிருந்த குண்டை உச்சிக்குத் தள்ளினாள். தாளம் ஆமையாகிவிட்டது.

"இன்னாடி, மாடு அசை போடறாப்ல கீது!"

"மொதல்ல மாட்டோட நட. அப்பால ரயிலு ஏறிக்கலாம்."

தடுக்கிய இடத்தை மட்டும் திரும்பத் திரும்ப ஊதினான். பிசகாமல் வந்தால்தான் அவள் குண்டை ஒரு கோடு கீழே இறக்குவாள். ஒருநாள் காலை திடீரென்று 'டக்' சத்தத்தைக் காணோம். பெட்டி நின்றுவிட்டதென்று பதறி, வாசிப்பை நிறுத்தினான். கம்பி ஆடிக்கொண்டுதான் இருந்தது. அவன் ஸ்வரம் சரியாக அதன்மேல் விழுந்ததில் சத்தம் மறைந்திருந்தது. மலர்க்கொடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அடுத்த மாப்பிள்ளை ஊர்வலம் காலடிப்பேட்டையில். வேம்பு டிரம்மோடு ஒட்டிக்கொண்டு வாசிக்க, காஸ் லைட் சுமந்தவர்கள் ஆடினார்கள், சம்பந்திகள் ஆடினார்கள். கடைசியில் மாப்பிள்ளையே குதிரையிலிருந்து குதித்து, மாலை பறக்க ஆடினார். பெண் வீட்டார் ஆரத்தித் தட்டோடு வாசலிலேயே நிற்க, ஊர்வலம் தெருமுனையைத் தாண்டவில்லை.

"இன்னொரு தபா வாசிடா!" என்று பரசுராமனும் கூத்தில் இறங்கிவிட்டார்.