குழிக்கு எத்தனை மூட்டை உப்பு

எங்கள் வகையறாவில் செத்தவரை எரிப்பதில்லை. குழியில் சம்மணமிட்டு உட்கார வைத்து, கழுத்து வரை உப்பைக் கொட்டிய பிறகுதான் மண் தள்ளுவோம். உப்புக்கு முன்னால் மண் உடம்பில் படக்கூடாது. உப்பு மீந்தாலும் ஆகாது. இன்னொரு சாவைக் கூப்பிடுமாம்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அப்பா இறந்த அன்று காலை, மாமா என்னைப் பந்தலுக்கு வெளியே இழுத்துப் போனார்.

“மாப்ள, நீ கணக்கு வாத்தி. எத்தினி மூட்டைன்னு கரெக்டா சொல்லு. உங்க பெரியப்பாவுக்கு ஒரு மூட்டை ஜாஸ்தியா பூட்சி. நாலே மாசத்துல பெரியம்மாவும் பூட்டாங்க.”

“கம்மியா போனா வாங்கிக்கலாமே மாமா?”

“வெளக்கு வெச்சப்புறம் எவன்டா உப்பு குடுப்பான்? லச்சுமி வெளிய பூடுவான்னு கதவ சாத்துவான்!”

நான் வேலூர்க் கல்லூரியில் இயற்பியல் நடத்துபவன். மாமாவுக்குக் கரும்பலகையில் எண் எழுதுகிற எல்லோரும் கணக்கு வாத்திதான். என் அடர்த்திப் பாடத்தை யாராவது விரும்பிக் கேட்டது அதுவே முதல் தடவை. வாசலில் பறை அடிக்க, நான் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கணக்குப் போட்டேன்.

குழியின் நீள அகலத்தையும் கழுத்து உயரத்தையும் பெருக்கினால் கன அளவு. ஒரு படி உப்பை நிறுத்தால் அதன் அடர்த்தி. அப்பா அடைக்கப்போகும் இடத்தை மட்டும் கழிக்க வேண்டும். மனித உடம்புக்கும் தண்ணீருக்கும் கிட்டத்தட்ட ஒரே அடர்த்தி. எடை தெரிந்தால் போதும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பஸ் ஸ்டாண்டு எடை மெஷினில் அப்பா ஏறியபோது பக்கத்தில் இருந்தேன். எழுபது கிலோ. அட்டையில் ‘தீர்க்காயுசு’ என்றும் போட்டிருந்தது. கழித்தேன். மூட்டைகள் இடுகாட்டுக்குப் போயின.

சாயங்காலம் அவரைக் குழியில் இறக்கத் தோள் கொடுத்தேன். மாலைக்கும் வேட்டிக்கும் நடுவில் ஆளே இல்லாததுபோல் இருந்தது. மாதம் ஒரு முறை வந்து போகிறவனுக்கு அவருடைய தொளதொள ஜிப்பாதான் அப்பாவாகத் தெரிந்திருக்கிறது.

கடைசி மூட்டையையும் கொட்டினார்கள். உப்பு நெஞ்சோடு நின்றுவிட்டது.

“இன்னாடா கணக்கு இது?” என்றார் மாமா. மலைக்குப் பின்னால் வெளிச்சம் போய்விட்டிருந்தது.

அம்மா போன பிறகு அப்பா தினமும் சாப்பிட்ட மெஸ்ஸுக்கு ஓடினேன். கல்லாவுக்கு மேலே விளக்கு எரிந்தது.

“அண்ணே, அரை மூட்டை உப்பு.”

மெஸ்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டார். “வெளக்கு வெச்சிட்டேனே சார். குடுக்கமாட்டேன்.”

“அப்பா கழுத்துக்கு இன்னும் எட்டலண்ணே.”

“எப்பிடி எட்டும்? ஒரு வருசமா அரை இட்லிய பிச்சி வெச்சிட்டு எந்திரிச்சிடுவாரு. புள்ளைக்குச் சொல்லாதேன்னுட்டாரு.” சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார். “குடுக்கமாட்டேன் சார். பின்கதவு தொறந்துதான் கெடக்குது.”

பின்கட்டில் அரை மூட்டை இருந்தது. முதுகில் ஏற்றிக்கொண்டு இடுகாடு வரை நடந்தேன். முப்பது கிலோவுக்கு மேல் இருக்கும். அப்பாவிடமிருந்து குறைந்துபோன அவ்வளவையும் அன்றுதான் சுமந்தேன்.

கொட்டியதும் உப்பு கழுத்துக்கு வந்து நின்றது. ஒரு கைப்பிடிகூட மிஞ்சவில்லை.

“இப்ப கரெக்ட்டு” என்று மாமா மண்வெட்டியை எடுத்தார்.