புயல் போன பிறகு விழுந்த சுவர்

புயல் ஆந்திரா பக்கம் திரும்பிவிட்டது என்று டிவியில் சொன்ன அன்று காலையே எங்களை முகாமிலிருந்து அனுப்பிவிட்டார்கள். பள்ளிக்கூடத்தைத் திறக்க வேண்டுமாம். திருவொற்றியூர் குப்பத்துக்கு நாங்கள் திரும்பியபோது சுள்ளென்று வெயில். எங்கள் வீடும் பக்கத்து வீடும் அப்படியே நின்றன.

பக்கத்து வீட்டு அக்கா கருவாடு விற்பவள். தனியாள். "பாத்தியாடி, கூரை ஷீட்டுகூட நவுரல. சும்மா பேஜார் பண்ணிட்டானுங்க" என்று சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது.

கடல் மட்டும் அடங்கவில்லை. காற்றே இல்லாமல் பெரிய பெரிய அலை, கரையில் கொட்டியிருந்த பாறைகளைத் தாண்டி வந்தது. துறைமுகத்தில் சுமை ஏற்றும் என் கணவர் வேலைக்குக் கிளம்பும்போது, "பின்னாடி போவாதமே, மண்ணு உள்ள போய்க்கினு கீது" என்றார். அதை அக்காவிடமும் சொன்னேன்.

"கேம்ப்ல உப்புமா துன்னு துன்னு நாக்கு செத்துப்போச்சு. ஒரு வாய் கொழம்பு வச்சுட்டு வந்துடறேன்" என்று உள்ளே போனாள். அவள் அடுப்படி கடலைப் பார்த்த பக்கம்.

சத்தம் பெரிதாகக்கூட இல்லை. ஓடிப்போய்ப் பார்த்தால் அடுப்படிச் சுவரைக் காணோம். அந்த இடத்தில் கடல் தெரிந்தது. தரைக்கு அடியிலிருந்த மணலை அலை எப்போதோ அரித்துத் தின்றிருக்கிறது. அக்கா சரிவில் கிடந்தாள், இடது கால் இடிந்த சுவருக்கு அடியில். தெருவே சேர்ந்து இழுத்தது. கணுக்கால் நொறுங்கிப்போயிருந்தது.

அவள் மாவுக்கட்டோடு எங்கள் வீட்டில் படுத்திருந்தபோது, சேதம் பார்க்க ஒரு அதிகாரி வந்தார்.

"சுவர் விழுந்ததுக்கு முந்தின நாளே புயல் போயிடுச்சும்மா. இது புயல் சேதத்துல வராது. கடல் அரிப்பு, வேற டிபார்ட்மென்ட்."

அக்கா படுத்தபடியே கேட்டாள்: "புயலு போயிடுச்சுன்னு அலைக்கு ஆரு சார் சொன்னது?"

அவர் போனைப் பார்த்துக்கொண்டே வெளியேறினார்.

அலையாய் அலைந்து, கடைசியில் எண்ணூர் பக்கம் அடுக்குமாடிக் குடியிருப்பில் அவளுக்கு ஒரு வீடு கிடைத்தது. மூன்றாவது மாடி. லிஃப்ட் ஓடுவதில்லை. அந்தக் காலோடு கருவாட்டுக் கூடையைத் தூக்கி இறங்க முடியாமல் வியாபாரத்தையே விட்டுவிட்டாள்.

போன மாதம் பார்க்கப் போயிருந்தேன். டீ கொடுத்துவிட்டு, "எதுத்தாப்புல ஒரு வூடு காலியா கீதுடி. உன் வூடு எப்ப வுழும்?" என்று கேட்டாள். விளையாட்டுக்குக் கேட்கவில்லை.