ஐயாயிரம் கட்டை

சின்ன வயதில் எனக்கு இரண்டு தமிழ் இருந்தது. பள்ளிக்கூடத்துக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று. பள்ளிக்கூடத்தில் நீர் என்று எழுதிவிட்டு வீட்டுக்கு வந்து தண்ணி குடிப்பேன். அங்கே தந்தை, இங்கே வாப்பா. அங்கே கிலோமீற்றர், இங்கே கட்டை. இந்த ஒழுங்கை யாரும் சொல்லித் தரவில்லை, நானாகவே கண்டுபிடித்தேன். அதனால் அதில் எனக்கு அசைக்க முடியாத நம்பிக்கை. பத்து வயதில் ஒரு புத்தம்புதிய லொறியின் என்ஜினைத் தின்னப் பார்த்ததும் அந்த நம்பிக்கைதான்.

வாப்பா வில்கமுவயிலிருந்து நெல்லும் சோளமும் ஏற்றி மாத்தளைக்குக் கொண்டுவருபவர். அதுவரை அவரிடம் இருந்தது நாலைந்து பேர் கைமாறி வந்த பழைய லொறி. அதன் மீற்றர் நான் பிறப்பதற்கு முன்பே நின்றுபோயிருந்தது. எத்தனை கட்டை ஓடியது, எப்போது ஒயில் மாற்ற வேண்டும் என்றெல்லாம் அதற்குக் கணக்கு கிடையாது. காலையில் வாப்பா ஒயில் குச்சியை இழுப்பார். நுனியில் ஒட்டியதைப் பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்ப்பார். மூக்குக்குக் கிட்டே கொண்டுபோவார். "சரி, மாத்துவோம்" என்பார். அவ்வளவுதான். அந்த இரண்டு விரல்களில் எத்தனை சவர்க்காரம் போட்டாலும் போகாத ஒரு கறுப்பு இருந்தது.

பிறகு புது லொறி வந்தது. எங்களுக்கு முன் யாருமே உட்கார்ந்திராத இருக்கை, கிழிக்காத பிளாஸ்டிக் உறை, ஏறியதும் தலையைச் சுற்றவைக்கும் புது வாசம். லெப்பை வந்து துஆ ஓதினார். தெருவில் இருந்தவர்கள் எல்லோரும் ஒருமுறை கதவைத் திறந்து மூடிப் பார்த்தார்கள். மூடும்போது வந்த சத்தம் அவ்வளவு அழகு. நான் ஏறி நின்று கண்ணாடி வழியாகப் பார்த்தபோது எங்கள் தெரு எனக்குக் கீழே கிடந்தது. மீற்றரில் முள் அசைந்தது, எண்கள் புரண்டன. உயிருள்ள ஒன்று எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறது என்று உண்மையாகவே நினைத்தேன். அன்றிரவு அதற்குக் குளிருமோ என்று உம்மாவிடம் கேட்டதாக இன்றும் வீட்டில் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

லொறியோடு ஒரு புத்தகமும் வந்தது. தடித்த ஆங்கிலப் புத்தகம். வாப்பா அதைத் துணியில் சுற்றி அலுமாரியின் மேல் தட்டில், காணி உறுதிப் பத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

முதல் ஆயிரம் கிலோமீற்றர் ஓடியதும் ஒயில் மாற்றும் நாள் வந்தது. என்ன ஒயில் ஊற்றுவது என்பதில் வாப்பாவுக்கும் சாச்சாவுக்கும் பிரச்சினை கிளம்பியது. சாச்சா வாப்பாவின் தம்பி, வாப்பாவை நானா என்று கூப்பிடுபவர், லொறியில் கூடவே போகிறவர்.

"நம்மட ஏத்தத்துக்குத் தடிப்பான ஒயில்தான் சரி நானா. பழசுக்கு ஊத்தின அதே நாப்பதாம் நம்பரையே ஊத்துவோம். மெல்லிய ஒயில் சூட்டுக்குத் தண்ணியாப் போயிரும்."

"பழசு வேற, இது வேற. புத்தகம் தந்திக்கிறான், அதுல என்ன ஈக்குது எண்டு பார்ப்போம்" என்றார் வாப்பா.

புத்தகம் இறங்கியது. மேசையைத் துடைத்தார்கள். உம்மா பிளேன்டி கொண்டுவந்து, கோப்பையைப் புத்தகத்திலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்தார். பிறகு மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். வீட்டில் ஆங்கிலத்துக்குத் தொண்ணூறு புள்ளி வாங்கியது நான் ஒருத்திதான்.

ஒயில் பக்கத்தைத் தேடிப் பிடித்தேன். "பதினைந்து டபிள்யூ நாற்பது" என்று வாசித்தேன்.

"நாப்பது ஈக்குதே! நான் சென்னேனே" என்று சாச்சா துள்ளினார்.

"அந்த டபிள்யூ என்ன மகள்?" என்றார் வாப்பா.

பக்கத்தின் அடியில் அதற்கும் விளக்கம் இருந்தது. "வின்டர். குளிர்காலம். குளிர்லயும் இறுகாதாம், சூட்டுலயும் தண்ணியாப் போகாதாம்."

சாச்சா விழுந்து விழுந்து சிரித்தார். "மாத்தளையில வின்டரா? இது வெள்ளைக்காரன்ட ஊருக்குச் செஞ்ச ஒயில் நானா!"

வாப்பா சிரிக்கவில்லை. கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். "விடிய வில்கமுவயில வேர்க்குது. பத்து மணிக்கு ரிவஸ்டன் மலை மேல பல்லு கிட்டுது. திரும்ப இறங்கினா வேர்க்குது. எங்கட ரோட்டைப் பார்த்துட்டுத்தான் எழுதியிக்கிறான்" என்றார்.

ஒயில் முடிவானது. நான் ஒரு வரி வாசித்ததில் பெரியவர்களின் வழக்கே தீர்ந்துவிட்டது. என் நெஞ்சு எப்படி நிமிர்ந்தது என்று சொல்லத் தேவையில்லை.

"எப்ப மாத்தணும் எண்டு பாருங்க" என்றார் வாப்பா.

பத்தாயிரம் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. ஆனால் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி. நட்சத்திரத்தைத் தேடிக் கீழே போனேன். பொடி எழுத்தில் நாலு வரி. ஒரு சொல் விளங்கவில்லை, அகராதியை எடுத்து வந்து பார்த்தேன். "கடுமையான பாவனை. மலைப்பாதை, தூசு, பாரச் சுமை. அப்படியெண்டா ஐயாயிரத்துல மாத்தணும்."

"கடுமை எண்டா அது நாங்கதான்" என்றார் வாப்பா. பிறகு என் பக்கம் குனிந்தார். "ஐயாயிரம் என்ன மகள்? கட்டையா?"

அவர் கேட்டார். கேட்காமல் விட்டிருந்தால் பழியில் பாதியாவது அவருக்குப் போயிருக்கும். பொடி எழுத்தில் கிலோமீற்றர் என்று முழுதாக அச்சடித்திருந்தது. நான் அதை வீட்டுத் தமிழுக்கு மாற்றினேன்.

"ஓ வாப்பா. கட்டை."

எங்கள் பக்கத்தில் கட்டை என்றால் மைல். தெருவோரம் வெள்ளைக்காரர் காலத்தில் நட்ட மைல் கல்லைத்தான் கட்டை என்பார்கள். இது மாத்தளையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், எனக்குத்தான் தெரியாது. வாப்பா மனக்கணக்கில் புலி. "அஞ்சு கட்டைக்கு எட்டு கிலோமீட்டர். ஐயாயிரத்துக்கு எட்டாயிரம். இப்ப ஆயிரத்துல நிக்குது. அப்ப ஒன்பதாயிரத்துல மாத்தணும்" என்றார். அதைச் சின்ன ஸ்டிக்கரில் என்னையே எழுதவைத்து மீற்றருக்குப் பக்கத்தில் ஒட்டினார். அவர் எதற்காகப் பெருக்குகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. லொறிக்காரர்களின் கணக்கு என்று விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு ஸ்டிக்கரைப் பார்த்த ஒவ்வொருவருக்கும் வாப்பா கதை சொன்னார். மில்லில் சொன்னார், தேநீர்க் கடையில் சொன்னார். "என்ட மகள்தான் புத்தகத்தை வாசிச்சி எழுதினது." லொறி நாளொரு மேனியாக ஓடியது, நானும் அதோடு சேர்ந்து வளர்ந்தேன்.

டிசம்பர் விடுமுறையில் வாப்பா என்னை வில்கமுவவுக்குக் கூட்டிப்போனார். சாச்சாவுக்குக் காய்ச்சல், அவருடைய இடம் எனக்குக் கிடைத்தது. போகும்போது முழுவதும் தூங்கிவிட்டேன். நெல் ஏற்றித் திரும்பும்போது இலுக்கும்புரையைத் தாண்டி ஏற்றம் தொடங்கியது. லொறி முனகிக்கொண்டு ஊர்ந்தது. நான் முன்கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு இருந்தேன். மலை எங்களுக்காகத் திறந்து, நாங்கள் போனதும் மூடிக்கொண்டது. மேகம் ரோட்டில் படுத்திருந்தது. அதற்குள் நுழைகிறோம் என்றதும் எனக்கு மூச்சே நின்றுவிட்டது. நூறு மூட்டை நெல்லையும் எங்களையும் வானத்துக்குத் தூக்கிப் போகும் இந்த லொறியைப் போல் ஒன்று உலகத்தில் கிடையாது என்று நினைத்தேன்.

ரோட்டோரம் பாதி புதைந்த ஒரு வெள்ளைக் கல்லில் இருபத்தேழு என்று இருந்தது. மாத்தளைக்கு இருபத்தேழு கட்டை என்றார் வாப்பா. நான் மீற்றரைப் பார்த்தேன். எட்டாயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு. அடுத்த கட்டை வந்ததும் பதின்மூன்று ஆகும் என்று காத்திருந்தேன். பதின்மூன்று ஆகியது, கல்லைக் காணவில்லை. இன்னும் பாதிக்கு மேல் ஓடிய பிறகுதான் இருபத்தாறு வந்தது. அடுத்த கல்லுக்கும் அதே கதை.

"வாப்பா, மீட்டர் பிழையா ஓடுது. ஒரு கட்டைக்கு ஒண்டரைக்கு மேல காட்டுது."

வாப்பா சிரித்தார். "கட்டை வேற, கிலோமீட்டர் வேற மகள். கட்டை பெரிசு."

மேகம், மலை எல்லாம் எங்கோ போய்விட்டன. மீற்றருக்குப் பக்கத்தில் என் எழுத்தில் ஒன்பதாயிரம் என்று இருந்தது. ஐயாயிரத்தை ஆயிரத்தோடு கூட்டிப் பார்த்தேன். ஆறாயிரம். இரண்டாயிரத்துக்கு மேல் தாண்டியிருந்தோம். அப்போதுதான் லொறியின் முனகலில் ஒரு கரகரப்பு இருப்பது என் காதில் விழுந்தது. அதுவரை அதை லொறியின் பாட்டு என்றே எண்ணியிருந்தேன்.

சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஒரு வளைவு முழுக்க அப்படி நினைத்தேன். அடுத்த வளைவில் அழுதுவிட்டேன்.

"வாப்பா, புத்தகத்துல கிலோமீட்டர் எண்டுதான் ஈந்திச்சி. கட்டை எண்டு நான்தான் சென்னேன். ரெண்டும் ஒண்டு எண்டு நினைச்சேன்."

வாப்பா லொறியை ஓரத்தில் நிறுத்தினார். கல்லை எடுத்துச் சில்லுக்குப் பின்னால் வைத்தார். என்ஜின் கொஞ்சம் ஆறும்வரை இடுப்பில் கட்டிய சாரம் காற்றில் படபடக்க நின்றார். பிறகு குச்சியை இழுத்து விரல்களில் தேய்த்தார். நெடுநேரம் தேய்த்தார். நான் மேலே இருந்து அவருடைய முதுகைப் பார்த்தேன். வீடு முழுவதும் கொண்டாடிய லொறியை இந்த மலையிலேயே கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

திரும்பி வந்தபோது அவர் முகத்தில் கோபத்தைத் தேடினேன். இல்லை. இருக்கைக்குப் பின்னாலிருந்த ஒயில் டப்பாவில் மிச்சமிருந்ததை ஊற்றினார். "பிஸ்மி செல்லுங்க. மெதுவாப் போவோம்" என்றார்.

அந்த ஏற்றத்தை நான் மறக்கமாட்டேன். முதல் கியரில், நடந்து போகிறவன் முந்திப் போகும் வேகத்தில் ஏறினோம். ரிவஸ்டன் காற்று பக்கவாட்டில் அடித்து லொறியை உலுக்கியது. வாப்பா வானொலியை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, என்ஜினின் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு ஓட்டினார். ஒவ்வொரு வளைவிலும் அது கொஞ்சம் திணறும். அவர் கால் கொஞ்சம் இளகும். அது மூச்சு வாங்கிக்கொள்ளும், மறுபடி ஏறுவார். நான் தெரிந்த சூறா எல்லாவற்றையும் ஓதி முடித்து முதலிலிருந்து தொடங்கினேன். உச்சிக்கு வந்து இறக்கம் தொடங்கியபோது வாப்பாவின் சட்டை அந்தக் குளிரிலும் முதுகோடு ஒட்டியிருந்தது.

வீட்டுக்குப் போகவில்லை. நேரே மாத்தளையில் எங்கள் லொறி பார்க்கும் மெக்கானிக் பாஸின் கராஜுக்குப் போனோம். பாஸ் அடியில் படுத்து மூடியைக் கழற்றினார். தேன் நிறத்தில் ஊற்றிய ஒயில் தார் மாதிரிக் கொட்டியது. அவர் அதை விரலில் தொட்டுப் பார்த்துவிட்டு வெளியே வந்து ஸ்டிக்கரை எட்டிப் பார்த்தார்.

"தப்பிச்சது முதலாளி. இன்னும் ஒரு நடை போயிருந்தா எனக்கு வேலை வச்சிருப்பீங்க. ஒன்பதாயிரம் எண்டு யாரு கணக்குப் போட்டது?"

நான் தரையைப் பார்த்தேன். வாப்பா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"நான்தான். பெருக்கினதுல பிழைச்சிட்டேன்."

பிறகு பாஸிடம் ஒரு புது ஸ்டிக்கர் வாங்கினார். பேனாவையும் சேர்த்து என்னிடம் நீட்டினார். "எட்டாயிரத்து இருநூத்தி அறுபதுல நிக்குது. எப்ப மாத்தணும் எண்டு பார்த்து எழுதுங்க மகள்." பாஸ் பார்த்துக்கொண்டே நின்றார். பதின்மூவாயிரத்து இருநூற்று அறுபது என்று எண்ணில் எழுதி, பக்கத்தில் கிலோமீற்றர் என்று ஒரு எழுத்தும் விடாமல் எழுதினேன்.

ஏச்சு வாங்காமல் தப்பிவிட்டேன் என்று அன்று எனக்கு ஒரே சந்தோஷம். வாப்பாவுக்குப் பாவம், புது லொறியைப் பற்றி ஒன்றும் தெரியாது, நான் கட்டை என்றால் கட்டை என்று நம்பிவிட்டார் என்று கொஞ்சம் பெரிய மனுஷத்தனமாகவும் நினைத்துக்கொண்டேன்.

அந்த லொறி பிறகு எத்தனையோ வருடம் ஓடியது. நான் கம்பஸ் படிப்பு முடித்து வேலைக்குப் போன பிறகு ஒருநாள், இந்தக் கதையைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருக்கும்போது சாச்சா சிரிக்காமல் சொன்னார். அந்த வருடம் ஒரு காலை வாப்பா குச்சியை இழுத்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு, "ஒயில் முடிஞ்சிது, இண்டைக்கு மாத்துவோம்" என்றாராம். ஸ்பேனரைக்கூடக் கையில் எடுத்துவிட்டாராம். மீற்றரில் அப்போது ஆறாயிரத்துக்கு இன்னும் முப்பதோ நாற்பதோ இருந்ததாம்.

"பொறகு ஏறி உன்ட ஸ்டிக்கரைப் பார்த்தாரு. நான் சென்னேன், நானா, உங்கட விரல் பொய் செல்லாது, மாத்துவோம் எண்டு. 'புள்ள வாசிச்சிக்கிது, எனக்கு என்ன தெரியும்' எண்டு ஸ்பேனரைத் திரும்ப வச்சிட்டாரு. அதுக்குப் பொறகு ஒவ்வொரு நாளும் குச்சியை இழுத்துத் தேய்ப்பாரு, ஸ்டிக்கரைப் பார்ப்பாரு, கையைத் துடைச்சிட்டு ஏறி ஓட்டுவாரு."

புத்தகமும் அவருடைய விரல்களும் ஒரே இலக்கத்தைத்தான் சொல்லியிருந்தன. நடுவில் நின்றது என்னுடைய ஒரு சொல். ஒயில் முடிந்தது அவருக்கு முன்பே தெரியும். அந்த மலையில் அவர் அவ்வளவு நேரம் தேய்த்துப் பார்த்தது ஒயிலை என்றுதான் அன்று நான் நினைத்தேன்.